ஏழு நாள் பொழிந்த குண்டுகள்: ஒரு மாணவியின் வினாவும் வரலாறு தரும் விடையும்

நமது கல்விக் கழகத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுப் பொருளில் ஒரு கட்டுரை வேண்டும் எனக் கழகப் பொறுப்பாளர்கள் பணித்தபொழுது, எப்பொருளை எழுதுவது என்று நாம் நெடுநேரம் எண்ண வேண்டியிருக்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக நம் நெஞ்சில் தங்கிக் கிடக்கும் வினா ஒன்று உண்டு. அதற்கு விடை எழுத இம்மலரினும் நல்ல இடம் வாய்க்காது எனக் கருதினோம்.

அப்பொழுது நாம் பட்டதாரி ஆசிரியராய்ப் பத்தாம் வகுப்பிற்கு வரலாறு கற்பித்து வந்தோம். முதல் உலகப் போரைப் பற்றிய பாடம். பாடநூலில் இல்லாத செய்தியாயினும், மாணவர்க்குச் சுவை கூட்டும் எனக் கருதி, பிரான்சு நாட்டுச் சோம் ஆற்றங்கரையில் 1916-ஆம் ஆண்டு நடந்த பெரும்போரைக் கூறினோம். ‘பிரிட்டிஷ் பீரங்கிகள் ஏழு நாள் இரவு பகலாக 15 இலட்சத்திற்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தன, அதன்பின் காலாட்படை எழுந்து சென்றது, சென்ற முதல் நாளிலேயே 57,470 பேர் இறந்தும் காயமுற்றும் காணாமற்போயும் வீழ்ந்தனர்’ என்று சொல்லி முடித்தோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். கூலி வேலைக்குச் செல்லும் பெற்றோரின் மகள்; அவர்கள் வீட்டில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பை எட்டியவள். ‘ஐயா, ஏழு நாள் குண்டு போட்ட பிறகும் எதிரி எப்படி ஐயா உயிரோடு இருந்தான்?’ என்று கேட்டாள்.

நமக்கு விடை தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். ‘அது தேர்வுக்கு வராது, உட்கார்’ என்றோம். வகுப்பு சிரித்தது. அவள் அமர்ந்தாள். அதன்பின் அவ்வாண்டு முழுவதும் அவள் ஒரு வினாவும் கேட்கவில்லை. தேர்வு முடிந்ததும் பெற்றோர் வேலை தேடி வெளியூர் சென்றனர். அவளும் உடன் சென்றாள். பின்னர் நூலகங்களில் தேடிப் படித்தபொழுதுதான், அவள் கேட்ட வினாவே அப்போரின் நடுவான வினா என்பதை உணர்ந்தோம். அன்று கூறத் தவறிய விடையே இக்கட்டுரை.

இரும்பு உருண்டையின் காலம்

பீரங்கிக் குண்டு என்றவுடன் நம் மாணவர் மனத்தில் தோன்றுவது கோட்டைகளில் குவித்து வைக்கப்பட்டிருக்கும் இரும்பு உருண்டையே. அஃது உண்மையே, ஆனால் ஒரு காலத்திற்கு மட்டுமே உண்மை. 15-ஆம் நூற்றாண்டிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பீரங்கியின் தலையாய குண்டு திண்ணிய இரும்பு உருண்டையாகவே இருந்தது. அதனுள் வெடிமருந்து இல்லை, அது வெடிக்காது. விரைவும் எடையுமே அதன் வலிமை. கோட்டைச் சுவரை ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தாக்கிப் பெயர்க்கவும், அணிவகுத்து வரும் படையின் மீது தரையில் பட்டுத் துள்ளித் துள்ளிச் சென்று வரிசைகளைப் பிளக்கவும் அது பயன்பட்டது.

ஆயினும் ஒரே வகைக் குண்டு எல்லாப் பணிக்கும் பொருந்தாது என்பதை அக்காலத்தாரே அறிந்திருந்தனர். கப்பலின் பாய்மரக் கயிறுகளை அறுக்க, இரண்டு உருண்டைகளைச் சங்கிலியால் பிணைத்த குண்டு இருந்தது. மிக அண்மையில் வந்துவிட்ட படையைத் தடுக்க, தகரக் குவளையில் சிறு உருண்டைகளை நிறைத்த குண்டு இருந்தது. பீரங்கி வாயை விட்டு வெளிவந்தவுடன் குவளை கிழிய, உருண்டைகள் விசிறியைப் போல் விரியும். சுவருக்கு அப்பால் ஒளிந்திருப்போர் மீது மேலிருந்து விழும்படி எறிய, உள்ளே வெடிமருந்து நிறைத்த பொள்ளல் உருண்டை இருந்தது. அதற்குத் திரி வைத்து எறிவர். இப்பொள்ளல் உருண்டையே இன்று நாம் ஷெல் எனக் கூறும் குண்டின் மூதாதை.

எந்தப் பணிக்கு எந்தக் குண்டு? இந்த ஒரு வினாவே பீரங்கிப் படையின் வரலாறு முழுவதும் ஓடி வருகிறது. இதற்குத் தவறான விடை கண்டவர் தோற்றனர்.

ரவைகளைச் சுமந்து சென்ற குண்டு

தகரக் குவளைக் குண்டு அண்மையில்தான் பயன்படும்; சில நூறு கஜங்களைத் தாண்டினால் உருண்டைகள் சிதறி வலுவிழந்துவிடும். இக்குறையை நீக்க முற்பட்டவர் பிரிட்டிஷ் பீரங்கிப் படையைச் சேர்ந்த ஹென்றி ஷ்ராப்னெல் என்னும் இளம் அதிகாரி. 1784-ஆம் ஆண்டளவில் தொடங்கிய அவரது முயற்சியைப் பிரிட்டிஷ் இராணுவம் 1803-இல் ஏற்றது. மறு ஆண்டே தென் அமெரிக்காவின் சூரினாமில் டச்சுக்காரருக்கு எதிராக அக்குண்டு முதன்முதல் பயன்பட்டது. பொள்ளல் குண்டினுள் ரவைகளை நிறைத்து, திரியின் நீளத்தைக் கணக்கிட்டு வைத்து, எதிரியின் தலைக்கு மேலே வானத்தில் வெடிக்கச் செய்வதே அவர் கண்ட வழி. கண்டுபிடித்தவரின் பெயரே குண்டிற்கும் ஆயிற்று.

இன்று எக்குண்டின் சிதறலையும் செய்தித்தாள்கள் ‘ஷ்ராப்னெல்’ என்றே எழுதுகின்றன. இது பிழையான வழக்கு. ஷ்ராப்னெல் குண்டில் வெளிக்கூடு பெரும்பாலும் சிதறுவதில்லை. 1914-இல் பிரிட்டிஷ் படையின் முதன்மைக் களப் பீரங்கியான 18 பவுண்டர் சுட்ட ஷ்ராப்னெல் குண்டை எடுத்துக்கொள்வோம். அதனுள் ஏறத்தாழ 375 ஈய ரவைகள் அடுக்கப்பட்டிருந்தன. அடியில் சிறிதளவே வெடிமருந்து. மூக்கில் நேரம் குறித்து வைக்கும் பியூஸ். குறித்த நொடியில் பியூஸ் தீமூட்ட, அடிமருந்து வெடித்து ரவைகளை முன்னோக்கித் தள்ளும். குண்டே பறந்து செல்லும் ஒரு ரவைத் துப்பாக்கியாக மாறிவிடும் எனலாம்.

திறந்த வெளியில் நிற்கும் படைக்கு இதனினும் கொடிய குண்டு அந்நாளில் இல்லை. ஆனால் தலைக்கு மேல் ஒரு கூரையும் அதன்மேல் சில அடி மண்ணும் இருந்தால் அந்த 375 ரவைகளும் பயனற்றவையே. இதனை மாணவர்கள் நினைவில் இருத்த வேண்டும். நம் மாணவியின் வினாவிற்கான விடையின் முதற்பாதி இதில் அடங்கியுள்ளது.

வெடித்துச் சிதறும் குண்டு

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வேதியியல் போர்க்களத்துள் நுழைந்தது. பழைய கறுப்பு வெடிமருந்து எரிந்து தள்ளுவது. புதிதாக வந்த பிக்ரிக் அமிலமும் டி.என்.டி.யும் நொடிப்பொழுதில் நொறுக்குபவை. இவற்றை எஃகுக் குண்டினுள் நிறைத்தால், குண்டின் கூடே ஆயிரம் துண்டுகளாய்ச் சிதறும். வெடிப்பின் அதிர்வு சுவரையும் மண்ணையும் பெயர்க்கும். இதுவே கடும் வெடிமருந்துக் குண்டு.

இங்கு மாணவர்க்கு ஒரு வேறுபாட்டை விளக்குதல் வேண்டும். பீரங்கியில் இரண்டு மருந்துகள் உண்டு. குண்டைக் குழாயினின்று வெளியே தள்ளுவது ஒன்று. போய்ச் சேர்ந்த இடத்தில் வெடிப்பது மற்றொன்று. தள்ளும் மருந்தாக முதல் உலகப் போரில் பிரிட்டிஷார் பயன்படுத்தியது கார்டைட் என்னும் கயிறு போன்ற பொருள். நம் நீலகிரி மாவட்டத்து அருவங்காட்டில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் நிறுவப்பட்ட தொழிற்சாலை இக்கார்டைட்டின் பெயராலேயே வழங்குகிறது. வெடிக்கும் மருந்தாகிய டி.என்.டி. போதாமற் போனபோது, அதனோடு அம்மோனியம் நைட்ரேட்டைக் கலந்து அமட்டால் செய்தனர். வயலுக்கு உரமாகும் பொருளே குண்டிற்கும் உணவாயிற்று.

பியூஸ் இருவகைப்படும். ஒன்று நேரம் பார்த்து வெடிப்பது; மற்றொன்று மோதிய பின் வெடிப்பது. மோதிய பின் வெடிப்பதிலும், எத்துணை விரைவில் வெடிக்கிறது என்பதே உயிர்நாடி. சிறிது தாழ்த்து வெடித்தால் குண்டு மண்ணுள் புகுந்துவிடும். நிலவறையைத் தகர்க்க வேண்டுமாயின் அதுவே தேவை. ஆனால் நிலத்தின்மேல் உள்ள வேலியை அறுக்க வேண்டுமாயின் அதுவே குறை. வேதியியலார் மருந்தைக் கண்டு தந்துவிட்ட பின்னும், மூக்கில் இருந்த அந்தச் சிறு கருவி போரின் போக்கை மாற்றியது.

1915: குண்டுப் பஞ்சம்

1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபொழுது 18 பவுண்டர் பீரங்கிக்கு ஷ்ராப்னெல் குண்டு மட்டுமே இருந்தது. போர் திறந்த வெளியில் விரைந்து நடந்து சில மாதங்களில் முடியும் என்பதே படைத்தலைவர்கள் கருத்து. ஆனால் அவ்வாண்டு முடிவதற்குள் இருதரப்பாரும் மண்ணைத் தோண்டி உள்ளே இறங்கிவிட்டனர். சுவிட்சர்லாந்து எல்லையிலிருந்து வடகடல் வரை பதுங்குகுழிகள். அவற்றின் முன்னே முட்கம்பி வேலிகள். வெளியில் நிற்போர் மீது பொழியச் செய்த குண்டு, உள்ளே இருப்போரை என்ன செய்யும்?

1915 மார்ச் 10-ஆம் நாள் நவ் ஷாப்பேல் என்னும் சிற்றூரில் பிரிட்டிஷ் படையுடன் இந்தியப் படையும் சேர்ந்து தாக்கியது. 35 நிமிடம் மட்டுமே குண்டு பொழிந்தனர். ஆனால் குறுகிய இடத்தில் செறிவாகப் பொழிந்தனர். ஊர் கைப்பற்றப்பட்டது. தொடர்ந்து முன்னேறக் குண்டு இல்லை. மே 9-ஆம் நாள் ஆபெர் மேட்டில் நடந்த தாக்குதல் படுதோல்வி கண்டது. மே 14-ஆம் நாள் இலண்டன் டைம்ஸ் ஏடு, கடும் வெடிமருந்துக் குண்டு போதாமையே தோல்விக்குக் காரணம் என எழுதியது. நாடே கொதித்தது. அம்மாதமே கூட்டணி அரசு அமைந்தது. போர்த்தளவாடங்களுக்கென ஒரு தனி அமைச்சகம் தோன்றி, லாயிட் ஜார்ஜ் அதன் பொறுப்பை ஏற்றார். குண்டுகள் மலைபோல் குவியத் தொடங்கின. ஆயினும் எத்தனை குண்டு என்று எண்ணியவர்கள், எவ்வகைக் குண்டு என்றும் எத்தரமான குண்டு என்றும் அதே அக்கறையோடு எண்ணவில்லை.

நவ் ஷாப்பேலில் இன்று ஒரு நினைவகம் நிற்கிறது. 1927-இல் திறந்து வைக்கப்பட்ட அவ்விடத்தில், மேற்குப் போர்முனையில் மாண்டு கல்லறையும் அறியப்படாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன.

1916 ஜூலை 1

இனி நம் மாணவியின் வினாவிற்கு வருவோம்.

1916 ஜூன் 24-ஆம் நாள் சோம் ஆற்றுப் பகுதியில் பிரிட்டிஷாரின் ஏறத்தாழ 1,500 பீரங்கிகள் முழங்கத் தொடங்கின. ஐந்து நாள் எனத் திட்டமிட்டிருந்தனர். மழையால் மேலும் இரண்டு நாள் நீண்டது. மூன்று பணிகள் அப்பீரங்கிகளுக்கு இடப்பட்டிருந்தன. முதலாவது, முட்கம்பி வேலியை அறுத்தல். இரண்டாவது, பதுங்குகுழியையும் அதன் கீழுள்ள நிலவறையையும் தகர்த்தல். மூன்றாவது, எதிரியின் பீரங்கிகளை வாயடைத்தல். மூன்றிற்கும் மூன்று வகைக் குண்டுகள் வேண்டும்.

வேலியை அறுக்கும் பணி ஷ்ராப்னெல் குண்டிற்கு அளிக்கப்பட்டது. பொழிந்த குண்டுகளில் பெரும்பகுதி ஷ்ராப்னெல்லே. சரியான உயரத்தில், சரியான தொலைவில் வெடித்தால் ரவைகள் கம்பியை அறுக்கவே செய்யும். சிறிது உயர்ந்து வெடித்தால் ரவைகள் சிதறிப் போகும். சிறிது தாழ்ந்தால் மண்ணில் புதையும். பயிற்சி குறைந்த புதிய பீரங்கிப் படையினர், தேய்ந்த பீரங்கிக் குழாய்கள், அவசரத்தில் செய்த பியூஸ்கள் ஆகியவற்றைக் கொண்டு அத்துல்லியத்தைப் பல மைல் நீளத்திற்குக் காத்தல் இயலாததாயிற்று. கடும் வெடிமருந்துக் குண்டோ அன்றைய பியூஸால் மண்ணுள் புகுந்த பின்னரே வெடித்தது. வேலியை மேலே தூக்கியெறிந்து, மீண்டும் சிக்கலாய்க் கீழே போட்டது.

நிலவறையின் கதை இன்னும் தெளிவானது. செருமானியர் அங்கு இரண்டு ஆண்டுகளாக இருந்தனர். சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து 20 அடி, 30 அடி ஆழத்தில் அறைகள் அமைத்திருந்தனர். அந்த ஆழத்தை அசைக்கக்கூடியவை கனமான பீரங்கிகளின் பெருங்குண்டுகள் மட்டுமே. மொத்தப் பீரங்கிகளில் கனரகமானவை மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. அவையும் நெடிய முனை முழுவதும் பரப்பி நிறுத்தப்பட்டன. மேலும், விழுந்தவற்றுள் வெடிக்காமற் கிடந்த குண்டுகள் மிகப் பல. அவசர உற்பத்தியின் விலை அது.

ஆகவே, ஏழு நாளும் எதிரி நிலவறையில் அமர்ந்திருந்தான். பசியாலும் தாகத்தாலும் ஓயாத அதிர்வாலும் வாடினான், ஆனால் உயிரோடிருந்தான். ஜூலை முதல் நாள் காலை 7.30 மணிக்குப் பீரங்கிகள் குறியை முன்னே மாற்றின. மேலே அமைதி நிலவியதும் அவன் இயந்திரத் துப்பாக்கியைச் சுமந்து படியேறி வந்தான். எதிரே, அறுபடாத வேலியின் முன் மனிதர்கள் வழி தேடி நின்றனர்.

இதனினும் கொடிய செய்தி ஒன்று உண்டு. வேலி அறுபடவில்லை என்பது முன்னரே தெரிந்திருந்தது. இரவில் ஊர்ந்து சென்று பார்த்து வந்த காவற்குழுவினர் பல இடங்களில் அதனைக் கூறினர். வடபகுதியில் நின்ற எட்டாம் கோர் படையின் தலைமை, வேலி நன்கு அறுபட்டதாகவே நம்பி மேலே எழுதியது. கீழே குழியில் நின்ற சிப்பாயோ தன் கண்ணெதிரே வேலியைக் கண்டுகொண்டிருந்தான். கண்டவன் சொல் ஏறவில்லை. காணாதவன் எழுத்து ஏறியது.

அப்பகுதியிலிருந்த பொமோன் ஹமெல் என்னும் இடத்தில் நியூபவுண்ட்லாந்துப் படைப்பிரிவைச் சேர்ந்த ஏறத்தாழ 800 பேர் அன்று காலை எழுந்து சென்றனர். மறுநாள் பெயரழைத்தபொழுது விடை கூறியவர் 68 பேர். நாள்தோறும் வருகைப் பதிவேட்டைத் திறந்து பெயரழைக்கும் நமக்கு, இவ்வெண்ணைப் படிக்கும்போதெல்லாம் கை நடுங்குகிறது. அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் படையில் இறந்தவர் மட்டும் 19,240 பேர்.

தெற்குப் பகுதியில் நடந்ததையும் கூறாவிடில் விடை நிறைவு பெறாது. அங்கு அருகில் நின்ற பிரெஞ்சுப் படையிடம் கனரகப் பீரங்கிகள் செறிவாக இருந்தன; அவற்றின் உதவி பிரிட்டிஷாருக்கும் கிடைத்தது. அங்கே மமெட்ஸ், மோந்தொபான் ஆகிய ஊர்கள் அன்றே கைப்பற்றப்பட்டன. பிரெஞ்சுப் படையும் தன் குறிக்கோளை எட்டியது. ஒரே நாள், ஒரே போர். பணிக்கேற்ற குண்டு கிடைத்த இடத்தில் வெற்றி. கிடைக்காத இடத்தில் பிணக்குவியல்.

வேலியை அறுக்க வேறு வழிகள்

வேலியை அறுக்கப் பீரங்கி ஒன்றே வழி அன்று. இவ்விடத்தில் நம் மண்ணோடு தொடர்புடைய செய்தி ஒன்று வருகிறது. 1912-ஆம் ஆண்டு, பெங்களூரிலிருந்த மதராஸ் சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் படைப்பிரிவில் பணியாற்றிய மெக்ளின்டாக் என்னும் கேப்டன் ஒரு கருவியைச் செய்தார். வெடிமருந்து நிறைத்த குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று பூட்டி, வேலியின் அடியில் நீளத் தள்ளி வெடித்தால், மனிதர் செல்லும் வழி திறக்கும். ‘பெங்களூர் டார்பீடோ’ எனப் பெயர் பெற்ற அக்கருவி இரண்டு உலகப் போர்களிலும் பயன்பட்டது. 1780-இல் எழுப்பப்பட்ட படையை மூலமாகக் கொண்ட அப்படைப்பிரிவில், நம் ஆதிதிராவிட மக்கள் நெடுங்காலமாகச் சேர்ந்து பாலம் அமைத்தும் பாதை போட்டும் குழி தோண்டியும் பணியாற்றி வந்தனர். குழாயைத் தோளில் சுமந்து வேலியடியில் ஊர்ந்து செல்லும் பணி சாப்பரின் பணி என்பதை நம் இளைஞர் அறிதல் நன்று.

பீரங்கித் துறையும் தன் பிழையினின்று கற்றது. 1917-இல் 106 எண்ணுடைய பியூஸ் பெருமளவில் களத்திற்கு வந்தது. எதன்மீது பட்டாலும் மண்ணுள் புகுமுன் அந்நொடியே வெடிக்கும் தன்மை உடையது அது. கடும் வெடிமருந்துக் குண்டு இதன்பின் தரைமேலேயே வெடித்து, பெருங்குழி தோண்டாமல் வேலியை அறுத்தது. காலாட்படைக்கு முன்னே, சில நிமிடத்திற்கு 100 கஜமாக நகர்ந்து செல்லும் குண்டுத்திரையும் செம்மையுற்றது. எதிரி தலைதூக்குமுன் படை அவன் குழியை அடைய முடிந்தது. எதிரிப் பீரங்கி முழங்கும் ஒலி பல இடங்களை எட்டும் நேர வேறுபாட்டைக் கொண்டு அதன் இருப்பிடத்தைக் கணக்கிடும் முறையை லாரன்ஸ் பிராக் என்பார் செம்மைப்படுத்தினார். தந்தையோடு சேர்ந்து 1915-இல், தம் 25-ஆம் வயதில், இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். 1918 ஆகஸ்டு 8-ஆம் நாள் அமியானில் தாக்குதல் தொடங்குமுன், செருமானியப் பீரங்கிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் இடம் இவ்வழிகளால் அறியப்பட்டிருந்தது. ஏழு நாள் குண்டுமழை அன்று தேவைப்படவில்லை.

குண்டுகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதே திறம் என எண்ணியவர்களுக்கு 1917-ஆம் ஆண்டின் பாஷண்டேல் போரும் பாடம் புகட்டியது. அங்கு 40 இலட்சத்திற்கும் மேற்பட்ட குண்டுகளை முன்கூட்டிப் பொழிந்தனர். தாழ்ந்த நிலத்தின் வடிகால்கள் சிதைந்தன, மழை பெய்தது, களம் சேறாயிற்று. தாம் தோண்டிய குழிகளில் தம் படையினரே மூழ்கினர்.

புகை, ஒளி, நஞ்சு

கொல்வதற்கல்லாத குண்டுகளும் உண்டு. வெண்பாஸ்பரம் நிறைத்த குண்டு வெண்புகைத் திரை எழுப்பி, முன்னேறும் படையை எதிரியின் கண்ணினின்று மறைக்கும். ஆனால் மனித உடல்மீது பட்டால் எரித்துப் புண்ணாக்கும். ஒளிக்குண்டு வானில் வெடித்து, சிறு குடையில் தொங்கி இறங்கி, இரவைப் பகலாக்கும்.

நச்சுக்குண்டின் வரலாறு மானிடத்தின் இழிவான பக்கம். 1915 ஜனவரி 31-ஆம் நாள் போலந்தின் பொலிமோவ் என்னுமிடத்தில் செருமானியர் கண்ணெரிச்சல் தரும் நீர்மம் நிறைத்த குண்டுகளை உருசியர்மீது எறிந்தனர். கடுங்குளிரில் அந்நீர்மம் ஆவியாகாததால் முயற்சி பயன் தரவில்லை. 1915 ஏப்ரல் 22-ஆம் நாள் ஈப்பர் நகரருகே குளோரின் வாயுவை உருளைகளிலிருந்து காற்றில் திறந்துவிட்டனர். காற்று திசை மாறினால் அது விட்டவர் மீதே திரும்பும். ஆகவே நஞ்சைக் குண்டில் அடைப்பதே வழக்கமாயிற்று. 1917 ஜூலை 12-ஆம் நாள் இரவு அதே ஈப்பர் அருகே கடுகு வாயுக் குண்டுகள் முதன்முதல் விழுந்தன. தோலைக் கொப்புளிக்கச் செய்து, கண்ணைக் குருடாக்கும் அந்நஞ்சு, விழுந்த நிலத்தில் பல நாள் தங்கியது. எந்த நஞ்சு எனத் தம் படையினர் அறியும் பொருட்டுச் செருமானியர் குண்டின்மேல் பச்சை, மஞ்சள், நீலச் சிலுவைக் குறிகளை வரைந்தனர். 1993-இல் கையெழுத்தாகி 1997-இல் நடைமுறைக்கு வந்த உலக உடன்படிக்கை இத்தகைய நச்சுப் படைக்கலங்களை முற்றாகத் தடை செய்துள்ளது.

குண்டு செய்த கைகள்

வரலாற்று நூல்கள் குண்டைச் சுட்டவரைக் கூறும். குண்டு செய்தவரைப் பெரும்பாலும் கூறா. ஆடவர் போர்முனைக்குச் சென்றதால் பிரிட்டனின் குண்டுத் தொழிற்சாலைகளில் இலட்சக்கணக்கான பெண்கள் வேலைக்கு வந்தனர். பலர் ஏழைக் குடும்பத்தார். வீட்டு வேலை செய்து வந்தவர்கள். டி.என்.டி.யைக் கையாண்டதால் அவர்களது தோலும் முடியும் மஞ்சளாயின. ‘கானரிக் குருவிகள்’ என ஊரார் அவர்களை அழைத்தனர். அந்த மஞ்சள் அழகு அன்று. கல்லீரலைத் தின்னும் நஞ்சின் நிறம். சிலர் அதனால் இறந்தனர்.

1916 டிசம்பர் 5-ஆம் நாள் லீட்ஸ் நகரருகே பார்ன்போ தொழிற்சாலையில், குண்டிற்குப் பியூஸ் பொருத்தும் அறையில் நேர்ந்த வெடிப்பில் 35 பெண்கள் மாண்டனர். 1917 ஜனவரி 19-ஆம் நாள் இலண்டனின் சில்வர்டவுனில் டி.என்.டி. ஆலை வெடித்து 73 பேர் இறந்தனர். 1918 ஜூலை 1-ஆம் நாள் சில்வெல் தொழிற்சாலையில் 134 பேர் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் உடல்களை அடையாளங்காணவும் இயலவில்லை. சோம் போரின் முதல் நாளும் ஜூலை 1. சில்வெல் வெடித்த நாளும் ஜூலை 1. இரண்டு ஆண்டு இடைவெளியில், குண்டை நம்பிச் சென்றவரும் குண்டை நிறைத்துக் கொடுத்தவரும் ஒரே தேதியில் மாண்டனர்.

மண்ணுள் எஞ்சியவை

அன்று வெடிக்காமற் கிடந்த குண்டுகள் இன்றும் அங்கேயே உள்ளன. பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் உழவர் ஆண்டுதோறும் ஏர் ஓட்டும்போது அவை மேலே வருகின்றன. அதனை அவர்கள் ‘இரும்பு அறுவடை’ என்கின்றனர். வயலோரத்தில் எடுத்து வைத்தால் இராணுவத்தார் வந்து கொண்டு செல்வர். 2014 மார்ச்சு மாதத்தில் ஈப்பர் நகரில் கட்டடப் பணியிடத்தில் இருந்த ஒரு பழங்குண்டு வெடித்து, தொழிலாளர் இருவர் உயிரிழந்தனர். போர் தொடங்கி நூறு ஆண்டுகளாகியும் அக்குண்டு தன் பணியை மறக்கவில்லை. அரசர்களும் அமைச்சர்களும் மறைந்தனர். கையெழுத்திட்ட உடன்படிக்கைகள் ஏட்டில் உறங்குகின்றன. மண்ணைத் தோண்டி வயிறு வளர்ப்பவனே எஞ்சிய கணக்கைத் தீர்க்கிறான்.

ஒரு குண்டினுள் பல சிறு குண்டுகளை அடைத்துச் சிதறவிடும் கொத்துக்குண்டுகளும் இவ்வாறே வெடிக்காமற் கிடந்து, பின்னாளில் சிறுவரையும் உழவரையும் கொல்வதால், அவற்றைத் தடை செய்யும் உடன்படிக்கை 2008-இல் ஆஸ்லோவில் கையெழுத்தாகி 2010-இல் நடைமுறைக்கு வந்தது. உலகின் பெரும்படை நாடுகள் பல அதில் சேரவில்லை.

நிறைவாக

மாணவியே, நீ எங்கிருந்தாலும் சரி, உன் வினாவிற்கு விடை இதுதான். ஏழு நாள் பொழிந்த குண்டுகளில் பெரும்பகுதி வெளியில் நிற்பவனைக் கொல்லச் செய்தவை; எதிரியோ உள்ளே இருந்தான். உள்ளே எட்டக்கூடிய பெருங்குண்டுகள் குறைவு. பல குண்டுகள் வெடிக்கவேயில்லை. வேலி அறுபடவில்லை. அதனைக் கண்டு வந்து சொன்னவர்களை மேலே இருந்தவர்கள் கேட்கவில்லை.

இந்த ஐந்தாவது காரணத்தை எழுதும்பொழுதுதான் நம் வகுப்பறை நினைவுக்கு வருகிறது. கடைசி வரிசையில் இருந்தவள் கண்டதை, மேடையில் நின்ற நாம் காணவில்லை. அவள் கேட்டாள்; நாம் உட்காரச் சொன்னோம். சோம் ஆற்றங்கரையில் தலைமையகத்தில் இருந்தவர்களைக் குறை கூறும் தகுதி நமக்கு உண்டா என்று நம்மையே கேட்டுக்கொள்கிறோம்.

இக்கழகத்தார் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளாக மாலை வகுப்பு நடத்தியும், நூல்கள் வழங்கியும், கட்டணம் செலுத்தியும் நம் பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தி வைத்துள்ளனர். அது பெரும்பணி. அதற்கு அடுத்த பணி ஆசிரியர்களாகிய நம்முடையது. பள்ளியில் நின்ற பிள்ளை எழுந்து கேட்கும்பொழுது, விடை தெரிந்தால் கூறுவதும், தெரியாவிட்டால் ‘தெரியவில்லை, தேடிச் சொல்கிறேன்’ என்று கூறுவதுமே அப்பணி. அவ்வாறு கூறுவதால் ஆசிரியர் சிறுமையடைவதில்லை. கூறாததால் ஒரு மாணவி ஓராண்டு முழுவதும் வாய் மூடியிருந்ததை நாம் கண்டோம்.

இப்பொழுது நம் பள்ளியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு குறிப்பேடு உண்டு. ஆசிரியர் விடை கூற இயலாத வினாக்களை மாணவர் அதில் எழுதுவர். திங்கள்தோறும் ஆசிரியர்கள் கூடித் தேடி விடை எழுதுகிறோம். முதல் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில், பெயர் எழுதாமல், இருபது ஆண்டுகளுக்கு முன் கேட்கப்பட்ட அவ்வினாவை நாமே எழுதி வைத்தோம். இக்கட்டுரையின் படி ஒன்றை அதன்கீழ் ஒட்டி வைக்க எண்ணியுள்ளோம்.

வெள்ளி விழாக் காணும் கழகம் பொன்விழாவும் காண்க. அந்நாளில் மலர் எழுதுவோர், இன்று கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகளாக இருப்பாராக.